மை சிந்தாத பேனா

தோட்டத்துக் கிராணியாரின் சட்டைப்பையில் மைப்பேனா செருகியிருந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அதையே பொழுதுபோக்காகச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு.

பாரிசில் படித்த ருமேனியர் பெட்ராக்கே பொயெனாரு 1827இலேயே மைப்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அந்நாளைய பேனாக்களில் மை ஒன்று நின்றுவிடும், இல்லையேல் கொட்டிவிடும். மை வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும் அல்லவா? சிக்கல் அங்கேதான். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவில், முள்ளுக்கு அடியிலுள்ள நாக்கில் ஒரு பள்ளமும் அதில் மயிரிழை போன்ற பிளவுகளும் இருந்தன. பிளவு வழியே மை இறங்கும். ஈடாகக் காற்று மேலேறும். காப்புறுதிப் பத்திரத்தில் மை கொட்டி வியாபாரம் கெட்டதால்தான் அவர் இதைச் செய்தார் என்பார்கள். சுவையான கதைதான், சான்று இல்லை. விளம்பரத்துக்கு நன்றாக உதவியது!

1945இல் நியூயார்க் கடையொன்றில் பந்துமுனைப் பேனா பன்னிரண்டரை டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பின்னர் அது மலிவாகவே, மைப்பேனா மெல்லப் பின்வாங்கியது.

தாத்தாவின் பேனா வீட்டுப் பெட்டியில் கிடந்தால் வீசிவிட வேண்டாம். குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் காய்ந்த மை கரையும், வெந்நீர் கூடாது. படம் வரையும் இந்தியன் மையை மட்டும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு அந்தப் பிளவுகளை அடைத்துவிடும்.