நடுவர் இல்லாத மைதானம்

கால்பந்தாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடியவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். கோல் அடித்தவர் யார், கோப்பையை வென்ற நாடு எது என்பனவே ஏடுகளை நிரப்புகின்றன. ஆனால், மைதானத்தைச் சுற்றி அமர்ந்திருந்த பல்லாயிரவருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் பெருமைக்குரிய பக்கங்களும் உள. வெட்கித் தலைகுனிய வேண்டிய பக்கங்களும் உள.

1985 மே 29 அன்று பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், ஹேசல் அரங்கில், இத்தாலியின் யுவெண்டஸ் அணியும் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியும் ஐரோப்பியக் கோப்பைக்காக மோதவிருந்தன. ஆட்டம் தொடங்கும் முன்பே இரசிகரில் ஒரு கூட்டம் மறு கூட்டத்தின் மீது பாய்ந்தது. அஞ்சி ஒதுங்கியோர் நெரிசலில் சிக்கினர்; சுவர் ஒன்று இடிந்து வீழ்ந்தது. 39 உயிர்கள் பறிபோயின. மாண்டோருள் 32 பேர் இத்தாலியர். பத்தாண்டுகள் கழிந்தன. 1995 ஜனவரியில் ஜெனோவா நகரில் ஆட்டம் காணச் சென்ற ஓர் இளைஞர், எதிரணி இரசிகர் ஒருவரின் கத்திக்கு இரையானார். ஆட்டம் பார்க்கப் புறப்பட்ட மகன் வீடு திரும்பவில்லை என்றால், அந்தத் தாய்க்கு யார் என்ன விடை சொல்ல இயலும்?

வேலியை உயர்த்துக, காவலரைப் பெருக்குக என்பதே எங்கும் எழுந்த குரல். அந்த 1995ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் பொலோஞ்யா நகரில் வேறொரு எண்ணம் முளைத்தது. 1948இல் தோன்றிய மக்கள் விளையாட்டுச் சங்கமாகிய ‘உயிஸ்ப்’, ‘உல்த்ரா திட்டம்’ என்னும் பணியைத் தொடங்கியது. உல்த்ரா என்போர் தம் அணிக்காகத் தொண்டை கிழியக் கூவும் தீவிர இரசிகர். அவர்களை ஒதுக்கித் தள்ளாமல், அவர்களோடு அமர்ந்து பேசுவதே இத்திட்டத்தின் வழி.

இவ்வழியில் பிறந்ததுதான் 1997ஆம் ஆண்டின் ‘மொந்தியாலி அந்திராத்ஸிஸ்தி’. அதாவது, இனவெறிக்கு எதிரான உலகக் கோப்பை. பெயர்தான் பெரிது, வந்தவையோ எட்டே அணிகள். அந்த அணிகளில் ஆடியோர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். இரசிகர்களும், பிழைப்புத் தேடி இத்தாலிக்கு வந்த அயல்நாட்டாருமே.

முதல் போட்டி நடந்த இடமும் கருதத்தக்கது. மோதேனா மாவட்டத்து மலைகளிடையே உள்ள மொந்தெஃபியோரினோ என்னும் சிற்றூர் அது. 1944 கோடையில், ஜெர்மானியப் படைகளும் பாசிஸ்டுகளும் நாட்டை அடக்கியாண்ட வேளையில், இவ்வூரையும் சுற்றுப்புறங்களையும் விடுதலைப் போராளிகள் மீட்டு, ஏறத்தாழ 45 நாட்கள் தன்னாட்சி நடத்தினர். ஆகஸ்ட் தொடக்கத்தில் அது வீழ்ந்தது. மனிதனை இனத்தால் தரம் பிரித்த ஆட்சியை எதிர்த்து நின்ற அதே மண்ணில், 53 ஆண்டுகளுக்குப் பின், பல நிறத்தார் ஒரே பந்தின் பின்னே ஓடினர்.

அடுத்து வந்த ஆண்டுகளில் போட்டி வளர்ந்தது. மொந்தேக்கியோவிலும், 2007 முதல் பொலோஞ்யாவை அடுத்த கசலெக்கியோவிலும், 2011 முதல் மோதேனா மாவட்டத்தின் போஸ்கோ அல்பெர்காத்தி என்னும் மரச்சோலையிலும் அது நடந்தது. எட்டு அணிகள் இருநூறுக்கும் மேலாகப் பெருகின.

ஜூலை மாத வெயிலில் அங்கு ஒரு நாளைக் கழித்த பார்வையாளர் கண்டதென்ன? மரநிழலில் வரிசையாகக் கூடாரங்கள். கயிறுகளில் பல மொழிப் பதாகைகள். பக்கத்துப் பக்கத்து மைதானங்களில் ஒரே வேளையில் பல ஆட்டங்கள். நகரத்தில் எதிரெதிர்த் திசையில் நின்று வசை பாடும் இரசிகர் இங்கே ஒரே வரிசையில் நின்று உணவு வாங்கினர். ஆணும் பெண்ணும் கலந்த அணிகளும் இருந்தன. சற்று முன் ஆடியவர் இப்போது ஓரத்தில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் காலணி மாட்டிக்கொண்டு களம் இறங்கினார்.

எல்லாவற்றினும் வியப்பானது, ஆட்டங்களில் நடுவர் இல்லாமைதான். பந்து கோட்டைத் தாண்டிற்றா, கால் இடறியது வேண்டுமென்றா என்னும் ஐயங்களை ஆடுவோரே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். “தவறு என்னுடையது” என்று சொல்ல ஒருவர் முன்வராவிடில் ஆட்டம் நகராது. வெற்றி பெற்ற அணிக்கும் பரிசு உண்டு. ஆயினும் தலையாய கோப்பை, இனவெறிக்கு எதிராகத் தம் ஊரில் நற்பணி ஆற்றிய குழுவுக்கே உரியது.

இதனால் இத்தாலிய அரங்குகள் தூய்மையாகிவிட்டனவா? இல்லை. 2005 நவம்பர் 27 அன்று மெஸ்ஸினா அணிக்காக ஆடிய ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் மார்க் ஸோரோ, இன்டர் அணி இரசிகர் சிலரின் இழிமொழி பொறாது, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறப் புறப்பட்டார். அவரைத் தேற்றி நிறுத்தியோருள் எதிரணியின் அத்ரியானோவும் ஒருவர். 2013 ஜனவரி 3 அன்று புஸ்தோ அர்சீத்ஸியோவில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் கெவின் பிரின்ஸ் போவாடெங் இதே கொடுமைக்கு ஆளாகிக் களத்தைவிட்டு வெளியேற, மிலான் அணி முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தது.

அப்படியாயின் அந்தச் சோலையில் நடந்த ஆட்டத்தால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். கூட்டத்தில் மறைந்து நின்று ஒருவன் சொல்லத் துணியும் சொல்லை, தன்னோடு ஆடி, தன்னோடு உண்டவனின் முகம் பார்த்துச் சொல்ல அவன் நாணுவான். அந்த நாணத்தைச் சட்டமும் வேலியும் தர இயலா, பழக்கமே தரும்.

நம் ஊர்த் திடல்களிலும் மாலை வேளைகளில் பிள்ளைகள் நடுவர் இன்றியே ஆடுகின்றனர். சண்டையிட்டு, சமாதானமாகி, மீண்டும் ஆடுகின்றனர். வளர்ந்த பின் நாம் இழந்துவிட்ட திறமை அது. ஊதுகுழல் ஒலிக்கு அஞ்சி ஒழுங்காக நடப்பது எளிது. எவரும் ஊதாதபோதும் நேர்மையாக நடக்கிறோமா என்பதே ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் பொதுவான தேர்வு.