காய்ச்சலுக்குப் பயந்து எழுந்த ஊர்

மலேசியாவின் கேமரன் மலைக்கு மேலே ஆட்களை ஏற்றிவிட்டது காய்ச்சல். தேயிலை அதன் பிறகு வந்த வியாபாரம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போனார். நாற்பது வருஷம் அது தாளிலேயே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து பார்த்து, மலைவாசத்தலம் ஆக்கலாம் என்றார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை வந்தது 1931-இல். கீழே வெக்கையிலும் மலேரியாவிலும் வாடிய துரைமார் மேலே வந்து காற்று மாறிவிட்டுப் போனார்கள்.

நான் பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டத்தில் டிரசராக இருந்தவன். கொழுந்தெடுக்கிற பெண்களின் நெஞ்சுச்சளியும் முட்டிவலியும் என் மேசைக்குத்தான் வரும். அதனால் இந்த ஊரின் பழங்கதையை யார் எடுத்தாலும், அப்போது என்ன நோய் இருந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

காட்டிலிருந்து எழும் ஆவியே காய்ச்சல் தருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அப்படியென்றால் காட்டை வெட்டு, நோய் ஓடிவிடும். 1897-இல் ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த சில வருஷங்களில் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, காய்ச்சலை அடக்கிக் காட்டினார். சமவெளியில் அது பலித்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவது. அதே வைத்தியம் குன்றுப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனபோது காரியம் தலைகீழாயிற்று. மரத்தைச் சாய்த்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. மாக்குலேட்டஸ் என்ற அனோபிலிஸ் கொசு கேட்பதும் அதைத்தான்: வெயில் படும் தெளிந்த ஓடை. நிழலில் ஓடியவரை தொல்லை தராத தண்ணீர், வெட்டவெளியானதும் லயங்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. சுருண்டு விழுந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். வாட்சன் இதைக் கண்டறிந்து 1911-இல் புத்தகமாகவே எழுதினார். ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், மேலே எண்ணெய் தெளித்தார்கள். வெட்டாமல் விட்ட மரம் அந்த வேலையைச் சும்மாவே செய்துகொண்டிருந்தது.

கேமரன் மலைக்கு இந்தத் தொல்லை குறைவு, உயரம் காப்பாற்றியது. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங்கில் சமவெளியைவிட ஒன்பது டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிரில் கொசுவின் உடம்புக்குள் கிருமி மெதுவாகத்தான் வளரும்.

துரைமாருக்கு நடை ஒரு மருந்தானது. பெரம்பான், ஜாசார், பிரிஞ்சாங் என்று மலைக்கு மலை தடங்கள். பின்னாளில் அவற்றுக்கு எண் போட்டார்கள், இன்றும் ஆட்கள் எண் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். இந்தக் காட்டில் கேமரனுக்கு வெகுமுன்னே நடந்தவர்கள் செமாய் மக்கள். 1967 மார்ச் 26 அன்று தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இங்கே தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போய்த் திரும்பவில்லை. போலீஸும் பட்டாளமும் சலித்த காட்டில் பூர்வகுடிகளும் தேடினார்கள். ஒரு தடயமும் இல்லை.

எங்கள் அப்பத்தாவும் அதே காட்டில்தான் நடந்தாள், விறகுக்கு. காலையில் பெரட்டில் பேர் கொடுத்து, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, காலில் அட்டைக்குச் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு கிளம்புவாள். கைத்தடி பிடித்து உலாவும் துரைசானியைப் பார்த்தால் சிரிப்பாள்: “நடக்கிறதுக்குன்னே நடக்குதுப்பா அது.” அவள் முட்டி ஐம்பது வயதுக்குள் தேய்ந்துவிட்டது. காட்டின் மேல் நான் பழி போடமாட்டேன். சரிவும் ஈரமும் தலைச்சுமையும் சேர்ந்தால் எந்தக் காற்றும் முட்டியைக் காப்பாற்றாது.

துரைசானி மாதிரி காட்டில் சும்மா நடப்பதற்கு 1982-இல் ஜப்பான் வனத்துறை ‘காட்டுக் குளியல்’ என்று பெயர் வைத்துப் பரப்பியது. பிறகு அந்த நாட்டின் 24 காடுகளில் ஆய்வாளர்கள் ஆட்களை நடக்கவிட்டும் உட்காரவைத்தும் அளந்தார்கள். நகரத்தில் இருந்ததைவிட எச்சிலில் கார்டிசால் குறைவு, நாடித்துடிப்பு குறைவு, இரத்த அழுத்தமும் குறைவு. அந்த எண்களை நம்புகிறேன், அவற்றின் எல்லையும் தெரியும். நடந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், வெறுங்கையோடு போனவர்கள். விறகுக்கட்டோடு ஒருத்தியை அளந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று என் தொழில்புத்தி கேட்கத்தான் செய்கிறது.

இன்று கொழுந்தெடுப்பவர்களில் நிறையப் பேர் வங்காளதேசத்துப் பையன்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைத் தாண்டி, பத்து பிரிஞ்சாங் மலைமேல் இருக்கும் பாசிக்காட்டுக்கு வருகிறார்கள். வந்தவர்கள் என்னிடம் மருத்துவம் கேட்பதும் உண்டு. காலையிலேயே ஏறுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும் என்பேன். மேகம் உட்காரும் காடு அது. குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, நின்ற மாத்திரத்தில் உடம்பு நடுங்கும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள், காட்டுக்குத்தான் வந்துவிட்டோமே என்று அதை நிறுத்திவிட வேண்டாம்.