காலாவதியாகும் விமான மைல்கள்: தவிக்கும் குடும்பங்களுக்கு வழங்குவது எப்படி?

பேகம்பேட் (ஹைதராபாத்): விமானத்தில் அடிக்கடி பயணம் செய்வோரின் உறுப்பினர் கணக்குகளில் சேரும் மைல்களில் ஒரு பகுதி, எவருக்கும் பயன்படாமலேயே காலாவதியாகிவிடுகிறது. மறுபுறம், வெளிநாட்டு மருத்துவமனையில் கிடக்கும் மகனைக் காணவோ, குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவோ ஒரே ஒரு டிக்கெட்டுக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் வழிகள் உலகின் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கின்றன. அவை எவை, இந்தியாவில் இருப்போர் அவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம், கவனிக்க வேண்டிய விதிகள் யாவை என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

பேகம்பேட்டும் விமானப் பயணமும்

நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1930களில் உருவான பேகம்பேட் விமான நிலையம், 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஷம்ஷாபாத்தில் புதிய பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்படும் வரை ஹைதராபாத்தின் பயணிகள் விமான நிலையமாக விளங்கியது. கரீம்நகர், நிஜாமாபாத் உள்ளிட்ட தெலங்கானா மாவட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோரில் பலர், குடும்பத்தினரிடம் விடைபெற்றது இந்நிலையத்தின் வாயிலில்தான்.

பின்னர் 2008 முதல் 2023 வரை அமெரிக்கத் துணைத் தூதரகம் பேகம்பேட்டில் உள்ள பைகா அரண்மனையில் இயங்கியது. பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்ல விரும்பிய பெற்றோர் விசாவுக்காக இப்பகுதிக்கே வந்தனர். ஒருபுறம் ஆண்டுக்குப் பலமுறை பறக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள், மறுபுறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கட்டுமானத் தொழிலாளர்கள் என இரு வகைப் பயணிகளும் ஒரே நகரிலிருந்து புறப்படுகின்றனர். முதல் வகையினரின் கணக்கில் சேரும் மைல்கள், இரண்டாம் வகையினரின் அவசர காலத்தில் டிக்கெட்டாக மாறக்கூடியவை.

மைல்கள் என்பவை யாவை?

பயணிகள் மீண்டும் தங்களிடமே வர வேண்டும் என்பதற்காக விமான நிறுவனங்கள் வழங்கும் ஊக்கப் புள்ளிகளே மைல்கள் எனப்படுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் 1979இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி அறிமுகப்படுத்திய திட்டமே உலகளவில் முன்மாதிரியானது.

இந்தியாவில் ஏர் இந்தியாவின் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் திட்டம் 1994இல் தொடங்கியது. அது 2025இல் மகாராஜா கிளப் எனப் பெயர் மாற்றப்பட்டது. இண்டிகோ நிறுவனம் 2024இல் புளூசிப் என்ற திட்டத்தை அறிவித்தது. விமானப் பயணத்தால் மட்டுமன்றி, கடன் அட்டைச் செலவு, ஓட்டல் தங்கல் ஆகியவற்றாலும் இப்புள்ளிகள் சேர்கின்றன. எனவே அதிகம் பறக்காதோரின் கணக்கிலும் அவர்கள் அறியாமலேயே புள்ளிகள் இருக்கக்கூடும்.

அவசரப் பயணத்துக்கு ஏற்றவை

பணத்தை நேரடியாக நன்கொடையாக வழங்கலாமே, மைல்கள் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. விமானக் கட்டணத்தின் தன்மையிலேயே அதற்கான விடை உள்ளது. விபத்து, திடீர் நோய், மரணம் ஆகியவை முன்கூட்டித் தெரிவிப்பதில்லை. புறப்படும் நாளுக்கு ஓரிரு நாட்களுக்கு முன் வாங்கும் டிக்கெட்டின் விலை பெரும்பாலும் மிக அதிகமாக இருக்கும்.

ஆனால் பல திட்டங்களில், குறிப்பாகக் கூட்டணி நிறுவன விமானங்களில், மைல்களால் பெறும் இருக்கைக்கு முன்கூட்டியே நிர்ணயித்த அளவு உண்டு. எடுத்துக்காட்டாக, 20,000 மைல்கள் தேவைப்படும் ஒரு தடத்தில் சாதாரண நாளில் டிக்கெட் விலை ரூ.12,000 எனவும், அவசர நாளில் ரூ.35,000 எனவும் கொள்வோம். நிர்ணயித்த அளவு மாறாத திட்டத்தில் இருக்கை கிடைத்துவிட்டால், இரு நாட்களிலும் அதே 20,000 மைல்கள் போதும். கொடுப்பவருக்குச் சிறு இழப்பு, பெறுபவருக்குப் பெரும் உதவி என்ற நிலை அப்போது உருவாகிறது. எனினும், பண விலைக்கேற்ப மைல் அளவையும் உயர்த்தும் முறைக்குப் பல நிறுவனங்கள் மாறிவருவதால், இந்த நன்மை எல்லாத் திட்டங்களிலும் கிடைப்பதில்லை.

முதல் வழி: அறக்கட்டளைக்கு வழங்குதல்

பல விமான நிறுவனங்கள், உறுப்பினர்கள் தங்கள் மைல்களை அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புகளின் கணக்குக்கு மாற்ற அனுமதிக்கின்றன. அந்த அமைப்பு, சேர்ந்த மைல்களைக் கொண்டு தேவையுள்ளோருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது.

* அமெரிக்காவில் காயமுற்ற, நோயுற்ற படைவீரர்களின் குடும்பத்தினர் அவர்களைக் காண, ஃபிஷர் ஹவுஸ் அறக்கட்டளையின் ஹீரோ மைல்ஸ் திட்டம் டிக்கெட் வழங்குகிறது. 2003இல் மேரிலாண்ட் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் டச் ரூபர்ஸ்பெர்கர் முன்வைத்த யோசனையிலிருந்து இது வளர்ந்தது.

* கடும் நோயுற்ற குழந்தைகளின் விருப்பங்களை நிறைவேற்றும் மேக் எ விஷ் அமைப்பு, அமெரிக்காவில் குழந்தையும் குடும்பமும் பயணம் செய்ய நன்கொடை மைல்களைப் பெறுகிறது.

* கனடாவில் ஏர் கனடா அறக்கட்டளை, ஏரோபிளான் புள்ளிகளைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. தொலைதூர ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் பயணத்துக்கு அவை செலவிடப்படுகின்றன.

* 2016இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மைல்ஸ்ஃபார்மைக்ரன்ட்ஸ் அமைப்பு, போரால் பிரிந்த அகதிக் குடும்பங்கள் மீண்டும் இணைய நன்கொடை மைல்களைப் பயன்படுத்தியது. 2021இல் ஆப்கானிஸ்தான் நெருக்கடியின்போதும், 2022இல் உக்ரைன் போரின்போதும் இதன் பணி விரிவடைந்தது.

* வளைகுடாவுக்குச் சென்றுவரும் இந்தியர்களுக்கு நன்கு அறிமுகமான எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் உறுப்பினர்கள், தங்கள் மைல்களை எமிரேட்ஸ் ஏர்லைன் அறக்கட்டளைக்கு வழங்கலாம். லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் திட்டத்திலும் நன்கொடை வசதி உண்டு.

மைல்களை வழங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சில திட்டங்களில் மைல்கள் மைல்களாகவே தொண்டு அமைப்பைச் சென்றடைகின்றன. வேறு சில திட்டங்களில் விமான நிறுவனம் அவற்றைப் பணமாகக் கணக்கிட்டு வழங்குகிறது. இரண்டாம் முறையில் மதிப்பு கணிசமாகக் குறையக்கூடும்.

இரண்டாம் வழி: நேரடியாக டிக்கெட் எடுத்தல்

இந்தியச் சூழலுக்கு மிகவும் பொருந்துவது இவ்வழியே. கணக்கு வைத்திருப்பவர் தமது மைல்களைக் கொண்டு, தேவையுள்ளவரின் பெயரில் டிக்கெட் எடுத்துத் தருவதே இது. யுனைடெட், அமெரிக்கன், ஏரோபிளான் போன்ற திட்டங்களில் உறவினர் அல்லாதோருக்கும் டிக்கெட் எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில், முன்கூட்டியே பதிவு செய்த ஐவருக்கு மட்டுமே எடுக்க இயலும். மற்ற திட்டங்களின் விதிகளை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஏர் இந்தியா 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ளது. ஆகவே டொராண்டோவில் வசிக்கும் ஒருவர் தமது ஏரோபிளான் புள்ளிகளைக் கொண்டோ, நியூ ஜெர்சியில் வசிப்பவர் தமது யுனைடெட் மைல்களைக் கொண்டோ, ஏர் இந்தியா விமானத்தில் இருக்கை இருக்குமானால் ஹைதராபாத்திலோ சென்னையிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் எடுத்துத் தர இயலும். வெளிநாடுவாழ் தமிழர்களும் தெலுங்கர்களும் போதிய அளவில் பயன்படுத்தாத வசதி இது.

டிக்கெட் எடுப்பவர், பயணியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பயணம் ரத்தானால் மைல்கள் கொடுத்தவரின் கணக்குக்கே திரும்பும் என்பதையும், அதற்குக் கட்டணம் பிடிக்கப்படலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது பின்னாளைய மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

2020 காட்டிய பாடம்

இந்தியாவில் பிறருக்காக விமான டிக்கெட் எடுத்துத் தருவது, மைல்களைவிடப் பணத்தின் வழியாகவே பெரிதும் நடந்துள்ளது. கொரோனா ஊரடங்கால் நிறுத்தப்பட்டிருந்த உள்நாட்டு விமானச் சேவை 2020ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. மூன்று நாட்களில், மே 28ஆம் தேதி, பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் திரட்டிய நிதியால் சுமார் 180 புலம்பெயர் தொழிலாளர்கள் மும்பையிலிருந்து ராஞ்சிக்கு விமானத்தில் சென்றனர். அதே நாட்களில் தில்லியைச் சேர்ந்த காளான் விவசாயி ஒருவர், தம்மிடம் பணிபுரிந்த 10 பேருக்கு பாட்னா செல்ல டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். நடிகர் சோனு சூட் ஏற்பாடு செய்த விமானத்தில், கொச்சியிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் புவனேஸ்வர் சென்றடைந்தனர்.

அன்று ஊர் திரும்பிய தொழிலாளர்களில் பலருக்கு அதுவே முதல் விமானப் பயணம். விமானம் வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அந்நிகழ்வுகள் மாற்றின. கணக்குகளில் உறங்கும் மைல்களும் அதே பணியைச் செய்யக்கூடும்.

கவனிக்க வேண்டிய விதிகள்

வரிகள் தனி: மைல்களால் எடுக்கும் டிக்கெட் முற்றிலும் இலவசமன்று. வரிகள், விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றைப் பணமாகச் செலுத்த வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில் இத்தொகை பெரிதாக இருக்கலாம். அதை யார் செலுத்துவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

காலக்கெடு: கிரிஸ்ஃப்ளையர், ஸ்கைவார்ட்ஸ் மைல்கள் 3 ஆண்டுகளில் காலாவதியாகின்றன. டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலக்கெடு இல்லை. எனினும் நிறுவனமே நின்றுபோனால் எந்த உறுதியும் நிலைக்காது. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012இல் சேவையை நிறுத்தியபோது, உறுப்பினர்கள் சேர்த்த மைல்களால் பறக்க இயலாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் தப்பியது. ஆனால் ஜெட் விமானங்களில் அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு முடிவுக்கு வந்தது.

விற்பனை கூடாது: மைல்களைப் பணத்துக்கு விற்பதை விமான நிறுவனங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். அவ்வாறு எடுத்த டிக்கெட்டும் ரத்தாகலாம். அந்நிலையில் விமான நிலையத்தில் நின்று தவிப்பது பயணிதான். நன்கொடை கேட்டு வரும் செய்திகளை நம்பி கணக்கின் கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ எவரிடமும் பகிரக் கூடாது.

வருமான வரி: இந்திய வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைச் சலுகை, பண நன்கொடைக்கு மட்டுமே உரியது. பொருளாகவோ புள்ளிகளாகவோ தருவதற்கு அச்சலுகை இல்லை.

அரசு ஊழியர்கள்: மத்திய அரசின் செலவினத் துறை 2009இல் பிறப்பித்த உத்தரவின்படி, அலுவல் பயணத்தில் சேரும் மைல்களைத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துவது துறை நடவடிக்கைக்கு உரியது. எனவே அவற்றைத் தாமாக நன்கொடையாகத் தரவும் இயலாது. ஜெர்மனியில் 2002இல் அலுவல் பயண மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில், பெர்லின் நகர அமைச்சர் கிரெகோர் கீசி பதவி விலகியது குறிப்பிடத்தக்கது.

உதவி தேவைப்படுவோர் எங்கு அணுகலாம்?

மைல் நன்கொடை கிடைக்கும் வரை காத்திருக்க இயலாத குடும்பங்களுக்கு அரசு வழிகளும் உள்ளன. 2009இல் உருவாக்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வெளிநாடுகளில் தவிக்கும் இந்தியர்களுக்கு விமானக் கட்டணம், அவசர மருத்துவ உதவி, உயிரிழந்தோரின் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தகுதியின் அடிப்படையில் இந்தியத் தூதரகங்கள் வழங்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தினர் இந்தியாவிலிருந்தே முறையிடலாம்.

குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குச் சென்றோருக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.10 லட்சம் வரை இழப்பீடு உண்டு. உடலைக் கொண்டுவரும் செலவும் இதில் அடங்கும். இக்காப்பீட்டு ஆவணத்தின் நகலை வீட்டில் வைத்திருப்பது அவசியம்.

உள்நாட்டில் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை வழங்குகிறது. படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் நோயாளிக்கு முழுச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. இதற்கு மருத்துவமனைச் சான்றிதழ் தேவை.

முதலில் செய்ய வேண்டியது

தமது கணக்கில் எத்தனை மைல்கள் உள்ளன, அவை எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்பதை ஒருமுறை பார்ப்பதே முதல் பணி. அடுத்த ஆண்டுக்குள் தமக்குப் பயணத் திட்டம் ஏதும் இல்லையெனில், தெரிந்த குடும்பம் ஒன்றின் தேவைக்கு நேரடியாக டிக்கெட் எடுத்துத் தருவது பொதுவாக அதிகப் பயன் தரும். அத்தகைய குடும்பம் அறிமுகத்தில் இல்லையெனில், விமான நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புக்கு வழங்கலாம். காலாவதியாகும் நாளுக்குப் பிறகு இவ்விரண்டு வாய்ப்புகளும் இல்லை.