கோட்டின் இருபுறமும்

‘கட்-ஆஃப்’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் அதனையே ‘வெட்டுப்புள்ளி’ என்பர். இரண்டுமே வெட்டுதலைக் குறிப்பவை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓரிடத்தில் வெட்டினால் மேலே சிலர், கீழே பலர். வெட்டு அவ்விடத்தில் ஏன் விழுந்தது என்று மேலே நிற்பவர் கேட்பதில்லை. கீழே நிற்பவர் கேட்டால் செவிமடுப்பார் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வெட்டுக்கோட்டின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அது அமெரிக்காவில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென எழுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் ‘நேஷனல் மெரிட்’ உதவித்தொகைப் போட்டியின் கோடு.

முதலில் ஒரு காட்சி. நியூ ஜெர்சியில் ஒரு மாணவி, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மாணவன். இருவரும் 2024ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டியவர்கள். இருவரும் பதினோராம் வகுப்பில், 2022ஆம் ஆண்டு அக்டோபரில், நாடு முழுவதும் நடந்த பி.எஸ்.ஏ.டி. தேர்வை எழுதினார்கள் என்று கொள்வோம். உச்ச அளவு 228. மாணவி பெற்றது 222. மாணவன் பெற்றது 207. அவ்வாண்டு நியூ ஜெர்சிக்கு விழுந்த கோடு 223. மேற்கு வர்ஜீனியாவுக்கு விழுந்தது 207. ஆகவே பதினைந்து புள்ளிகள் குறைவாகப் பெற்ற மாணவன் அரையிறுதியாளர் ஆகிறான். மாணவியோ ஒரு பாராட்டுக் கடிதத்துடன் நின்றுவிடுகிறாள்.

இதை அநீதி என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். கோடு எவ்வாறு போடப்படுகிறது என்று அறிந்தபின் தீர்ப்புக் கூறுவதே முறை.

ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்போட்டிக்குள் நுழைகிறார்கள். அவர்களுள் ஏறத்தாழ 50,000 பேர் நாடு முழுமைக்குமான ஒரே கோட்டின்படி பிரித்தெடுக்கப்படுகின்றனர். அவர்களுள்ளும் ஏறத்தாழ 16,000 பேரே அரையிறுதியாளர்கள். எஞ்சியோர்க்குப் பாராட்டுக் கடிதம். அந்தப் பதினாறாயிரம் இடங்கள், ஒவ்வொரு மாநிலத்திலும் அவ்வாண்டு பள்ளி முடிக்கும் மாணவர் தொகைக்கேற்ப, நாடாளுமன்றத்தின் கீழவை இடங்களைப் போலப் பகிரப்படுகின்றன. கலிஃபோர்னியாவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைக்கும். வயோமிங்குக்குச் சில பத்துகள்தாம். பின்னர் மாநிலத்தின் மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, இடங்கள் நிரம்பும் வரை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். எண்ணிக்கை நிரம்பும் இடத்தில் நிற்பவரின் மதிப்பெண்ணே அம்மாநிலத்தின் கோடு. ஆக, யாரும் 223 என்று முன்கூட்டித் தீர்மானித்து எழுதுவதில்லை. வரிசை முடிந்த இடத்தில் கோடு தானே விழுகிறது.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. இடங்களைப் பகிரும்போது எண்ணப்படுவோர் பள்ளி முடிக்கும் மாணவர் அனைவரும். இடங்களுக்குப் போட்டியிடுவோர் தேர்வை எழுதியவர்கள் மட்டுமே. பி.எஸ்.ஏ.டி. தேர்வைப் பெரிதாக மதிக்காமல், ஏ.சி.டி. என்னும் வேறொரு தேர்வையே பெரிதும் எழுதிவந்த நடுமேற்கு மாநிலங்களில், அதே இடங்களுக்குப் போட்டி குறைவு, கோடும் தாழ்ந்தது. எனவே ஒரு மாநிலத்தின் கோடு தாழ்ந்திருப்பதால் அங்குள்ள பிள்ளைகளின் அறிவு தாழ்ந்தது என்று கொள்வது பிழை.

இனி வரலாற்றுக்குள் செல்வோம்.

நேஷனல் மெரிட் நிறுவனம் 1955ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் தொடங்கப்பெற்றது. ஃபோர்டு அறக்கட்டளை 2 கோடி டாலரும் கார்னகி நிறுவனம் 5 லட்சம் டாலரும் வழங்கின. முதல் தலைவர் ஜான் ஸ்டால்நேக்கர், தேர்வுக்கலையில் ஊறியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன, பனிப்போர் முற்றிக்கொண்டிருந்தது. திறமையுள்ள பிள்ளைகள் பணமின்றியும் ஊக்கமின்றியும் கல்லூரி வாசலை மிதிக்காமலே போய்விடுகிறார்கள் என்ற கவலை அந்நாட்டுக் கல்வியாளர்களிடையே பரவியிருந்தது. முதற்போட்டியில் ஏறத்தாழ 58,000 மாணவர்கள் கலந்துகொண்டனர். 1956ஆம் ஆண்டு 555 பேர் முதல் உதவித்தொகையாளர்களாக அறிவிக்கப்பட்டனர்.

மறு ஆண்டே, 1957 அக்டோபரில், சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. 1958ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் தொடக்க வரைவில் அரசே மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டுக் கடனை மட்டும் ஏற்றது. திறமைக்குப் பரிசளிக்கும் பணி இவ்வாறு தனியார் அறநிதியிடமே பெருமளவு தங்கிவிட்டது. ‘தேசிய’ என்ற அடைமொழியைத் தாங்கிய இந்நிறுவனம் அரசுத் துறையன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. தன் கோடுகளைப் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கமும் அதற்கு இல்லை. பள்ளிகளுக்கு வரும் செய்திகளைப் பெற்றோரும் ஆலோசகர்களும் ஒன்றுகூட்டியே ஆண்டுதோறும் மாநிலப் பட்டியலைத் தொகுக்கிறார்கள்.

மாநிலவாரியாகப் பிரித்தது ஏன்? நாடு முழுமைக்கும் ஒரே கோடு என்றால் என்ன நேரும் என்று கணக்கிட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும். செல்வமும் நல்ல பள்ளிகளும் பெருநகரங்களும் நிறைந்த மாநிலங்கள் இடங்களை வாரிக்கொள்ளும். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழும் மலைநாட்டுக்கும், புல்வெளிகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கும் ஒன்றிரண்டு மிஞ்சலாம். அப்படிப்பட்ட பரிசைத் ‘தேசிய’ப் பரிசு என்று அழைக்க முடியாது. வாய்ப்புக் குறைந்த இடத்தில் 207 பெறுவது, வாய்ப்பு மலிந்த இடத்தில் 222 பெறுவதற்கு ஈடாகலாம் என்பதே இப்பகிர்வின் உட்கருத்து.

கருத்து நல்லதே, ஆனால் கருவி முரடானது. மாநிலம் என்பது மிகப் பெரிய அலகு. நியூ ஜெர்சியிலும் நூவர்க், கேம்டன் போன்ற ஏழ்மை மிகுந்த நகரங்கள் உண்டு. அங்குப் படிக்கும் பிள்ளைக்கும், தனிப்பயிற்சிக்குத் தாராளமாகச் செலவிடும் புறநகர்ப் பிள்ளைக்கும் ஒரே 223 தான். கணக்கில் கொள்ளப்படுவது வீடு இருக்கும் மாநிலமன்று, பள்ளி இருக்கும் மாநிலம். தலைநகர் வாஷிங்டனில் படிப்போர்க்கும், வெளிநாடுகளில் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் நாட்டின் ஆக உயர்ந்த மாநிலக் கோடே விதிக்கப்படுகிறது. தலைநகரின் ஏழை வட்டாரத்துப் பிள்ளை எந்த ஞாயத்தின்படி நாட்டிலேயே உயரமான வேலியைத் தாண்ட வேண்டும்? இக்கேள்விக்கு நிறைவான விடை நமக்குத் தென்படவில்லை.

கோடு விழும் இடம் மட்டுமன்று, அளக்கும் கோலும் மாறிவந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டு இப்போட்டியின் தேர்வு பி.எஸ்.ஏ.டி.யுடன் இணைந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை, மொழித்திறன் மதிப்பெண்ணை இரட்டித்துக் கணித மதிப்பெண்ணுடன் கூட்டியே தேர்வுக்குறி கணக்கிடப்பட்டது. தேர்வு எழுதுவோரில் மாணவியர் மிகுதி, அரையிறுதிக்குச் செல்வோரில் மாணவர் மிகுதி என்ற முரண்பாட்டைச் சுட்டி, 1994ஆம் ஆண்டு ஃபேர்டெஸ்ட் என்னும் அமைப்பு நடுவண் அரசின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் முறையிட்டது. அதன் விளைவாக 1997ஆம் ஆண்டு முதல் எழுத்துத்திறன் பகுதி சேர்ந்தது. மொழி, கணிதம், எழுத்து மூன்றும் சமமாயின. 2023ஆம் ஆண்டு தேர்வு கணினிக்கு மாறியபின், மொழிப்பகுதியை இரட்டித்துக் கணிதத்தைக் கூட்டிப் பத்தால் வகுக்கிறார்கள். இலக்கிய அன்பர்களாகிய நமக்கு இதில் ஒரு மகிழ்ச்சி இருக்கலாம்: எத்தனை மாற்றங்கள் வந்தபோதும் மொழிக்கு இரு பங்கு, கணக்குக்கு ஒரு பங்கு என்ற விகிதம் நிலைத்திருக்கிறது.

ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் மொழியில் 760, கணிதத்தில் 720 பெறுகிறார், தேர்வுக்குறி 224. மற்றவர் மொழியில் 720, கணிதத்தில் 760 பெறுகிறார், தேர்வுக்குறி 220. இருவரின் கூட்டுத்தொகையும் 1480 தான். கோடு 223இல் விழுமாயின், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இருவரில் யார் ‘தகுதி’யுடையவர் என்பதை முடிவு செய்தது அவர்கள் அறிவா, பெருக்கல் வாய்ப்பாடா?

இனத்தின் கோடும் இவ்வரலாற்றில் உண்டு. பொதுப்போட்டியில் கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே தேறினர் என்பதால், 1964ஆம் ஆண்டு அவர்களுக்கெனத் தனியே ‘நேஷனல் அச்சீவ்மென்ட்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் மாநிலங்களுக்கு மாற்றாகப் பல மாநிலங்கள் அடங்கிய வட்டாரங்கள் அலகாயின. அரை நூற்றாண்டு நடந்து 2015ஆம் ஆண்டு அத்திட்டம் முடிவுற்றது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்த்த நிகழ்ச்சிக்கு இப்போது வருவோம். ஐம்பதுகளின் இறுதியில் இந்நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு, பாராட்டு ஒரு பிள்ளையை மாற்றுகிறதா என்று அறிய டொனால்ட் திஸில்த்வெய்ட் என்னும் உளவியலாளர் முயன்றார். உதவித்தொகையை நெருங்கி வந்தும் பெறாதவர்களுள் ஒரு பகுதியினர்க்குச் சான்றிதழும் ஊரறிந்த புகழும் கிடைத்தன. மற்றொரு பகுதியினர்க்கு வெறும் கடிதம் மட்டும். இரு சாராரையும் நேரே ஒப்பிடுதல் பயனற்றது. சான்றிதழ் பெற்றவர் முன்னரே கூடுதல் மதிப்பெண் பெற்றவர் அல்லவா? 1960ஆம் ஆண்டு, டொனால்ட் கேம்ப்பெல்லுடன் சேர்ந்து அவர் ஒரு வழி கண்டார். கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவரையும் சற்றுக் கீழே நிற்பவரையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். அவ்விருவரிடையே உண்மையில் வேறுபாடு இல்லை. ஒரு வினாவில் தவறிய கைதான் அவர்களைப் பிரித்தது. ஆகவே பின்னாளில் அவர்களிடையே தோன்றும் வேறுபாடு, சான்றிதழ் விளைத்த வேறுபாடே.

கிடைத்த விடை எளியது. சான்றிதழ் பெற்றவர்க்குப் பிற இடங்களிலிருந்து உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்புக் கூடியது. அறிவு நாட்டத்திலோ மேற்படிப்புத் திட்டங்களிலோ மாற்றம் நேர்ந்ததாகத் தெரியவில்லை. உலகம் அப்பிள்ளைகளைப் பார்த்த பார்வை மாறியது, பிள்ளைகள் மாறவில்லை.

அம்முறை நீண்டகாலம் பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பொருளியலாளர்கள் அதை மீண்டும் கையில் எடுத்தனர். 1999ஆம் ஆண்டு ஜோஷுவா ஆங்ரிஸ்டும் விக்டர் லேவியும், வகுப்புக்கு நாற்பது பேர் என்ற இஸ்ரேலியப் பள்ளி விதியைக் கொண்டு, சிறிய வகுப்பின் பயனை ஆராய்ந்தனர். இன்று தேர்தல், மருத்துவம், வறுமை ஒழிப்பு எனப் பல துறைகளில் அம்முறை ஆளப்படுகிறது. அதன் அடித்தளம் ஒரே ஒரு கருதுகோள்: கோட்டின் இருபுறமும் நெருங்கி நிற்பவர்கள் ஒத்தவர்கள். கோடு போட்டவர்கள் வேறுபாட்டைக் காட்டப் போட்டார்கள். அறிவியலோ, அங்கே வேறுபாடு இல்லை என்பதாலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இதை உணர்ந்த பல்கலைக்கழகங்களும் உண்டு. தேர்வு மதிப்பெண் கோட்டை மட்டும் முதல் வாயிலாகக் கொள்வது தகுதி பற்றிய தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று, 2005ஆம் ஆண்டு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இவ்வுதவித்தொகைக்குப் பணம் வழங்குவதை நிறுத்தியது. மறுபுறம், ஃபுளோரிடா மாநிலம் 2014ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி, நேஷனல் மெரிட் வெற்றியாளர் அங்குள்ள கல்லூரியில் சேர்ந்தால் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கலாயிற்று. நிறுவனம் நேரடியாகத் தரும் தொகை ஒரே முறை 2,500 டாலர்தான். ஆயினும் கோட்டைத் தாண்டியவர்க்குச் சில இடங்களில் நான்காண்டுப் படிப்பே இலவசமாகலாம். ஒரு புள்ளியின் விலை அவ்வளவு.

தொடக்கத்தில் கண்ட இருவரிடம் திரும்புவோம். மேற்கு வர்ஜீனிய மாணவன் மாணவியின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை; அவனுடைய இடம் அவன் மாநிலத்தின் இடம். அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. மாணவியோடு ஒப்பிட வேண்டியவர், அவள் பள்ளியிலேயே 223 பெற்று அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழிதான். இடங்கள் எண்ணத்தக்கவை, எனவே கோடு எங்கேனும் விழுந்தே தீரும். அதைத் தவிர்க்க நமக்கும் வழி தெரியவில்லை. ஆனால் கோடு விழுந்த பின் அந்தத் தோழியர் இருவரையும் அழைத்து, ஒருத்தியை அறிவாளி என்றும் மற்றவளைத் தவறியவள் என்றும் சொல்லும் பழக்கம் நம்முடையது. அதை எந்த நிறுவனமும் நம்மீது விதிக்கவில்லை.