களரியும் கமெராவும்

கலைஞனுக்கு உள்ளத்தூண்டலாக நின்றோரைக் கலை வரலாறு பெரும்பாலும் படைப்பின் புறத்தேயே நிறுத்தி வந்துள்ளது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துப் பாரிசு நகரம் இதற்குத் தக்க சான்றாகும். ‘கீக்கி’ என அழைக்கப்பட்ட அலிஸ் பிரேன், அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1923 முதல் எடுத்த பரிசோதனைத் திரைப்படங்களிலே தோன்றினார். அவர் தாமும் ஓவியம் தீட்டியவர். 1929 இல் தம் நினைவுகளை நூலாக்கியவர். எனினும், மான் ரேயின் உருவப் பெண் என்றே அவர் அறியப்பட்டார். அதே ஆண்டிற் பாரிசுக்கு வந்த லீ மில்லரின் நிலையும் இதுவே. ஒளிப்படம் உருத்துலங்கும்போது இடையில் ஒளிபடச் செய்து, உருவின் ஓரத்தே கோடு தோன்றச் செய்யும் உத்தியை இருவரும் சேர்ந்தே வளர்த்தனர். புகழோ மான் ரேயைச் சார்ந்தது.

இவ்வுத்தியை 1930களிற் கொழும்பிலே கையாண்டவர் லயனல் வென்ற் ஆவர். பியானோக் கலைஞராயும் ஒளிப்படக் கலைஞராயும் விளங்கிய அவரது குரலே, 1934 இல் பசில் றைற் உருவாக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்தில் ஒலிக்கின்றது. தேயிலைப் பிரசாரத்திற்கெனப் பணம் பெற்றெடுத்த இப்படம் விளம்பர எல்லையைக் கடந்து, பரிசோதனைத் திரைப்பட வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. நான்கு பகுதிகளாலான இதன் மூன்றாம் பகுதியிலே, உழைக்கும் மக்களின் காட்சிகள் மீது சந்தை விலைகளும் வணிகக் குரல்களும் படர்கின்றன. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று விளக்காது, மோதிப் பொருள் தருதலே இதன் புதுமை.

இப்படத்திற்கு உள்ளத்தூண்டலாக அமைந்தவர் யாவர்? ஒருபால், கண்டிய ஆடற் கலைஞர். சிறுவர் ஆடல் பயிலும் காட்சி இரண்டாம் பகுதியிலும், அணிபுனைந்தோர் ஆட்டம் இறுதியிலும் இடம்பெறுகின்றன. ஆயினும், திரைப்பட வரலாற்றிலே பெரிதும் பேசப்படுவன நெறியாளர், தயாரிப்பாளர் பெயர்களே. மறுபால், வென்ற் வாசிக்கும் உரைக்கு மூலம் 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூல். அந்நொக்ஸ் 1660 இற் சிறைப்பட்ட இடம், மட்டக்களப்புக்கு வடக்கே, இதே கீழைக்கரையிலுள்ள கொட்டியாரம் ஆகும். படத்தின் சொல் இக்கரையிற் பிறந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. படத்தின் கண்ணோ மலைநாட்டின் ஆடலையே நாடிற்று.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் தலைமுறைகளாக ஆடப்பட்டு வந்தன. அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல, மத்தளம் முழங்க, சலங்கை கட்டிய கூத்தர் விடியும்வரை ஆடுவர். களரி வட்டமானது, பார்ப்போர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஒரு திசையினின்று நோக்கும் கமெராவுக்கு இவ்வட்டம் எளிதில் வசப்படாது. கூத்தன் ஒரு திசைக்காக ஆடுவதில்லை. களரியைச் சுற்றி வந்து அனைவருக்கும் ஆடுகின்றான். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்துமரபைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, வட்டக்களரியில் ஆடியது ஒருமுக அரங்கிற்கு மாறிற்று. இரவு முழுவதும் நிகழ்ந்தது சில மணி நேரத்துள் அடங்கிற்று. அதனாற் கூத்து நகரத்தாரின் மதிப்பைப் பெற்றது உண்மை. வடிவத்தில் ஒரு பகுதியைக் கைவிட நேர்ந்ததும் உண்மை.

பாரிசின் கீக்கியும் கண்டியின் ஆடற் கலைஞரும் வாவிக்கரை அண்ணாவியாரும் வெவ்வேறு உலகினர். எனினும், அவர்களை நோக்கும் வரலாற்றாசிரியன் எதிர்கொள்ளும் வினா ஒன்றே: பதிந்தவனே படைப்பாளியா, பதியப்பட்டவனுக்கும் அதில் உரிமையுண்டா? இன்று கூத்தை ஒளிநாடாவிலோ ஆய்விலோ பதிவோர் ஊரின் பெயரோடு அமையாது, ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரின் பெயரையும் ஆடியவர் பெயரையும் படைப்பாளர் வரிசையிலேயே பொறித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், பாரிசிலே பெண்களுக்கு இழைத்த அநீதியை வாவிக்கரையிலே நாமும் இழைத்தவராவோம்.