தயவும் பாத்தியதையும்: ராமேசுவரம் பாதையில் வந்தோரும் அயல்நாட்டார் சட்டமும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் தேதி, குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் சம்மதம் கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 6ஆம் தேதியன்று, பாம்பனில் புதிதாகக் கட்டிய ரயில் பாலம் திறக்கப்பட்டு, ராமேசுவரத்திலிருந்து தாம்பரத்திற்கு ஒரு புதிய ரயிலும் கொடியசைத்து அனுப்பப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. ஆயினும் தாம்பரத்தில் அலுவலகம் வைத்துக்கொண்டு, பிரஜாவுரிமை, கடவுச்சீட்டு, எக்ஸிட் பெர்மிட் முதலான விவகாரங்களிலேயே காலத்தின் பெரும்பகுதியைக் கழிக்கிற ஒரு வழக்கறிஞனுக்கு, அந்தப் பாதையையும் இந்தச் சட்டத்தையும் சேர்த்து நினையாமல் இருக்க இயலவில்லை. ஏனெனில் என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர், அல்லது அவர்களைப் பெற்றவர்கள், ராமேசுவரத்துக் கரையில் இறங்கி இப்பாதை வழியாகவே வடக்கே வந்தவர்கள். அவர்களை இந்நாட்டுச் சட்டம் எப்பெயரிட்டு அழைத்தது, அப்பெயர் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, அம்மாறுதல்களில் சர்க்காரின் தயவு எவ்வளவு, அவர்களுடைய பாத்தியதை எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1914ஆம் ஆண்டு பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், எழும்பூரில் வண்டியேறிய ஒருவர் தாம்பரம், விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடி சென்று, அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம் என்ற வசதி ஏற்பட்டது. ‘போட் மெயில்’ என்று ஜனங்கள் வழங்கிய அவ்வண்டியில் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் சீட்டெடுத்துப் போனார்கள்; தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிச் சென்ற ஏழைகளோ மண்டபத்தில் நிறுத்தப்பட்டு, அங்கே இலங்கைச் சர்க்கார் நடத்திவந்த முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, தொற்றுநோய்ப் பரிசோதனை தீர்ந்த பிறகே கடல் தாண்டினர். இந்திய மண்ணில், அயல் சர்க்காரின் நிர்வாகத்தில், இந்தியரை நிறுத்திச் சோதிக்க ஒரு முகாம்! பிற்காலத்தில் இலங்கையினின்று திரும்பியோருக்கும், அதன்பின் அகதிகளுக்கும் அதே மண்டபமே தங்குமிடமாயிற்று. ஒரே குடும்பத்தில் பாட்டன் போகும்போதும் பேரன் வரும்போதும் அம்மணலில் பெயர் பதிந்துகொண்டதை நான் பத்திரங்களிலேயே கண்டிருக்கிறேன்.

அயல்நாட்டாரைப் பற்றிய நம் சட்டத்தின் வேர் 1864ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தில் இருப்பினும், நெடுங்காலம் ஆட்சி புரிந்தது 1946ஆம் ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட அயல்நாட்டார் சட்டமேயாகும். அதுவும், அதற்கு முன் 1939இல் வந்த பதிவுச் சட்டமும், மகாயுத்த காலத்துச் சந்தேக புத்தியினின்றே பிறந்தவை. ஒற்றர்களை நினைத்து எழுதிய விதிகள் பின்னாளில் உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்கும் பொருந்தலாயின. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தான் அயல்நாட்டார் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பாரத்தை அந்த மனிதரின் தலைமேலேயே வைத்தது. சர்க்கார் சந்தேகம் மட்டும் தெரிவித்தால் போதும், காகிதங்களை அவர்தாம் கொணர வேண்டும். இதில் சட்டம் பயில்வோர் கவனிக்கத் தக்க ஒரு விநோதமும் உண்டு. 1946ஆம் ஆண்டின் மூல இலக்கணப்படி, பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ்ப் பிறந்த பிரஜை அயல்நாட்டார் ஆகார். ஆகவே இலங்கையில் பிறந்த ஒருவர் அன்று இச்சட்டத்தின் கண்ணில் அந்நியர் அல்லர். 1957 ஜனவரியில்தான் இந்தியப் பிரஜை அல்லாதார் அனைவரும் அயல்நாட்டார் என்று இலக்கணம் திருத்தப்பட்டது. பால்க் ஜலசந்தியில் கோடு விழுந்த வருஷத்தை ஒருவன் கேட்டால், நான் இதையும் ஒரு விடையாகச் சொல்வேன்.

அக்கரையில் கோடு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கானோர் பிரஜாவுரிமையற்றவர் ஆயினர். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில், அச்சட்டம் ஒரு சமூகத்தைக் குறிவைத்துப் பாரபட்சம் காட்டுவதாகாது என்று தீர்த்துவிட்டது. பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அவர்களை 1974இல் இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டனர். மனிதர்களைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நிலங்களைப்போல் எண்ணிக்கையிட்டுப் பிரித்த இவ்வொப்பந்தங்களை ராஜதந்திரத்தின் வெற்றி என்று புகழ்வோர் உளர்; அவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

எண்ணிக்கையில் எழுதியது வீட்டில் எப்படி நடந்தது என்பதற்கு என் மேஜைமேல் விரிந்த ஒரு காட்சியைச் சொல்லலாம். சில காலத்துக்கு முன் ஒரு மூதாட்டி, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, பேரனின் கையைப் பற்றியவாறு மாடியேறி வந்தார். பைக்குள்ளே பாலிதீன் உறை; அதற்குள், மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டுநாடாவினால் உயிர் பிழைத்திருந்த ஒரு குடும்ப அட்டை. கண்டியிலிருந்த இந்தியத் துணைத்தூதரகம் தாயகம் திரும்புவோருக்குக் கொடுத்த அட்டை அது. ஆனால் அவருடையதன்று, அவருடைய தமையனாருடையது. “ஐயா, அண்ணனுக்குக் கண்டியில கார்டு குடுத்தாங்க. நான் கலவரத்துல தப்பிச்சு வவுனியாப் பக்கம் போயிட்டேன். தொண்ணூறுலதான் படகுல வந்தேன்” என்றார். அண்ணன் தாயகம் திரும்பியவர், இந்தியப் பிரஜை. தங்கை அகதி, சட்டத்தின் மொழியிலே சட்டவிரோதக் குடியேறி. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டுக்கொண்டே வளர்ந்தவர், மெய்யாகவே தோணியில் ஏறியது முன்னோர் ஊருக்குத் திரும்பும்போதுதான்.

1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துத் தொடங்கிய அகதிகள் வருகையில், 1987 முடிய முதல் கட்டமாக 1,34,053 பேரும், பின்வந்த கட்டங்களையும் சேர்த்து 3,04,000 பேருக்கு மேலும் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினர் என்பது மாநில சர்க்காரின் கணக்கு. 1951ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆயினும் உதவித்தொகையும் அரிசியும் கல்விச் சலுகையும் கிடைத்தன; ஐரோப்பாவில் உடன்படிக்கை பேசும் சில தேசங்களைக் காட்டிலும் தாராளமாகவே கிடைத்தன என்று சொல்ல நான் தயங்கேன். ஆனால் எல்லாம் சர்க்கார் ஆணைகளின்வழி கிடைத்தவை. சட்டம் தந்ததைக் கேட்டு வாங்கலாம். ஆணை தந்ததற்கு நன்றி மட்டுமே சொல்லலாம். முகாமில் இருப்போர் குறித்த நாளில் ஆஜராகித் தலை எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும்; முகாமுக்கு வெளியே தம் செலவில் வாழ்வோர் வட்டாரக் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பல்லாவரத்திலிருந்து வீடு மாறிச் சேலையூர் போகிற ஒரு குடும்பத்துக்கு, கேஸ் இணைப்பை மாற்றுவதைவிட ‘பதிவை’ மாற்றுவதே பெரிய காரியம். 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்தபோது, ‘இனி எந்த ஆபீசுக்கு ஐயா போகணும்?’ என்ற கேள்விக்கு விடை சொல்வதிலேயே எனக்குச் சில வாரங்கள் கழிந்தன. 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியதும், 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்ததும் மனமார வரவேற்கத் தக்கவை. அவையும் தயவின் வரிசையில் சேர்ந்தவையே.

நியாயஸ்தலங்களின் போக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரம் சர்க்காருக்கு வரம்பின்றி உண்டென்று கூறியது. இதை மறுக்கும் துணிவு எந்த வழக்கறிஞனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆயினும் அரசியல் சாசனத்தின் 19ஆம் ஷரத்து ‘பிரஜை’ என்று பேசுகையில், 14ஆம் 21ஆம் ஷரத்துகள் ‘நபர்’ என்றே பேசுகின்றன. அந்த ஒரு சொல்லின் இடுக்கில்தான் நாங்கள் காலூன்றி நிற்கிறோம். 1991 மே 21ஆம் தேதி, தாம்பரத்துக்கு மேற்கே அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபின், நேற்றுவரை விருந்தினராயிருந்தோர் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியோர் ஆயினர். 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்புதல் தொடங்கியது. சுய விருப்பத்தின் பேரிலேயே போகிறார்கள் என்று சொல்லப்பட்டது. விருப்பத்தைத் தெரிவிக்கும் படிவமோ, அதில் ஒப்பமிட்டவர்களிற் பெரும்பாலோர் படிக்கவியலாத ஆங்கிலத்தில் இருந்ததென்று குறை எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்வாண்டே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர் மனமறிந்துதான் போகிறாரா என்று விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. படிவம் எந்த மொழியில் இருக்கிறது என்பதே சம்மதத்தின் பாதி என்பதை நான் அவ்வழக்கிலிருந்து கற்றேன். இன்றும் கட்சிக்காரருக்கு ஒவ்வொரு பத்தியையும் தமிழில் படித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்குவதில்லை.

அச்சத்தின் இன்னொரு விளைவு சிறப்பு முகாம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய செங்கற்பட்டிலும், பூந்தமல்லியிலும், வேலூரிலும், திருச்சியிலும் இவை நடத்தப்பட்டன. அயல்நாட்டார் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தைச் சர்க்காருக்குத் தந்தது; நீதிமன்றம் பிணையில் விட்டவரைச் சிறை வாசலிலேயே அத்தகைய கட்டளை எதிர்கொண்டு, முகாமுக்கு அழைத்துப் போகும். இது காவலில் வைப்பதன்று, வசிப்பிடத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பதேயாம் என்ற சர்க்காரின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டை முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள் என்பதை நினைத்தால், சர்க்காரின் கவலை முழுதும் கற்பனை என்று சொல்லவும் முடியாது. ஆனால் ஆயுதம் ஏந்தியவருக்கென்று செய்த ஏற்பாட்டில், கடவுச்சீட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரும் சேர்த்து அடைபடுவதும், விடுதலைத் தேதி என்ற ஒன்று கட்டளையில் எழுதப்படாதிருப்பதும் என் அபிப்பிராயத்தில் சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டும் அதன் தர்மத்துக்குப் புறம்பானவை. தண்டனைக் கைதிக்கு நாள் எண்ண முடிகிறது. இவருக்கு அதுவும் இல்லை.

பிரஜாவுரிமைச் சட்டத்திலோ தேதிகளே விதியாகிவிட்டன. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே பிரஜை. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதலோ, மற்றொருவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருத்தலாகாது. ஆகவே முகாமில் 1986இல் பிறந்த அக்காள் இந்தியர், 1988இல் பிறந்த தம்பி அயல்நாட்டார். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் கட்டளையிடும்வரை, இந்த வெளிப்படையான விதிகூட அலுவலகங்களில் பயன்படாமலே கிடந்தது. 2019 ஜூனில் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய முன்னோர் இம்மண்ணிலிருந்து போனவர்களே என்பதை எடுத்துக்காட்டி, பிரஜாவுரிமை கொடு என்று கட்டளையிடுவது நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாராது என்றும் ஒப்பி, விண்ணப்பங்களை 16 வாரத்துக்குள் பரிசீலிக்குமாறும், விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு உண்டென்றும் தீர்ப்பளித்தார்.

2025 மே மாதத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரிக்கையில், இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்ற பொருள்பட உச்ச நீதிமன்றத்தில் வாய்மொழியாக ஒரு கருத்து வெளிப்பட்டது. வாய்மொழிக் கருத்து தீர்ப்பாகாது. எனினும் அவ்வுவமை எனக்குச் சற்று வேடிக்கையாகப் பட்டது. ராமேசுவரம் போகும் பழைய சாலை நெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டிவைத்தார்கள்; ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வந்தவனுக்குச் சோறு போட்ட சாலையில் வந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு!

இனிப் புதிய சட்டத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அது, 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை ஒழித்து ஒன்றாக்கியது. மெய்ப்பிக்கும் பாரத்தை மட்டும் பழையபடி மனிதர் தலையிலேயே விட்டுவைத்தது. அதனுடன் வெளிவந்த விலக்காணை, 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளை, கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்து தங்கியமைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. பலர் இனிப்போடு என்னைக் காண வந்தனர். அவர்களை ஏமாற்ற மனமின்றி நான் சொன்னது இதுதான்: 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்காளதேசச் சிறுபான்மையினருக்கும் இதே போன்ற விலக்கு அளிக்கப்பட்டது, 2019 டிசம்பரில் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அவ்விலக்குப் பெற்றோர் சட்டவிரோதக் குடியேறிகள் ஆகார் என்று ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது, அந்த வாக்கியமே அவர்களுக்குப் பிரஜாவுரிமைக் கதவைத் திறந்தது. இலங்கைத் தமிழருக்கு முதற்படி கிடைத்திருக்கிறது; அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. தண்டிக்கப்பட மாட்டார்கள், ஆனால் பிரஜாவுரிமைச் சட்டத்தின் இலக்கணத்தில் இன்னும் சட்டவிரோதக் குடியேறிகளே.

மூதாட்டியின் விண்ணப்பத்தை, ஆகவே, பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் இந்திய வம்சாவளியினர் என்ற முறையில் எழுதி, தளர்வு கோரும் பத்தி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். அவர் தகப்பனார் முசிறிப் பக்கத்தில் பிறந்து கங்காணியோடு கண்டிக்குப் போனவர். அண்ணனின் அட்டையில் தகப்பன் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இல்லை. அவ்வூர்ப் பழைய பிறப்புப் பதிவேட்டில் அப்பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லி, பேரனை முசிறித் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.