உறவினர் அல்லாதோரும் கார் காப்பீடும் (இந்தியா)

குடும்ப உறவு இல்லாத இருவர் ஒரு காரின் காப்பீட்டைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? இந்தியச் சட்டப்படி, நண்பர் காரை ஓட்டலாம். பாலிசியில் பங்காளி ஆக முடியாது. காப்பீடு ஆர்.சி. புக்கில் உள்ள பெயரைப் பின்தொடர்கிறது. விலையில் பாதி யார் கொடுத்தது, மாதத் தவணை யார் கட்டுகிறார் என்பதை அது பார்ப்பதில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பலர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால், எல்லோர் சார்பிலும் ஒருவரே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் தேவைகளுக்கு அவரே உரிமையாளர் (பிரிவு 41). 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் பல வண்டிகளுக்கு ஒரே பாலிசி எடுக்க அனுமதி தந்தது. அதிலும் எல்லா வண்டிகளும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அறைத்தோழர்கள் இருவர் தங்கள் கார்களை ஒரே பாலிசியில் சேர்க்க அதில் வழியில்லை.

ஓட்டும் விஷயத்தில் இந்திய பாலிசி தாராளமானது. செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்து, ஓட்டத் தடை விதிக்கப்படாத எவரும் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டலாம். அவர் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் பொதுவாக ஓட்டுநர்களின் பெயர்களைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். உண்மையில் அதிகம் ஓட்டுபவரை மறைத்து வேறொருவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது அங்கே மோசடி.

நண்பர் காரை எங்கேனும் இடித்துவிட்டால், ஃபுல் கவர் பாலிசியில் பழுதுச் செலவு கிடைக்கும். இழப்பு உரிமையாளருக்குத்தான்: இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம் என்று தொடங்கி 50 சதவீதம் வரை வளரும் நோ கிளைம் போனஸ் போய்விடும். நண்பரிடம் உரிமமே இல்லையென்றால் நிலைமை மோசம். காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபித்து, அந்தத் தொகையை அவரிடமே வசூலிக்கலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது தனிக் குற்றமும்கூட. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். சாவியைக் கொடுக்கும்முன் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதை நட்புக்கு அவமரியாதையாக யாரும் எண்ண வேண்டாம்.

பலருக்கும் தெரியாத இடர் ஒன்று உண்டு. இரவல் வண்டி ஓட்டியவரே இறந்துபோனால், அவர் குடும்பம் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் அல்லர் என்று நிங்கம்மா (2009), ராம்கிலாடி (2020) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு தந்த, 2022இல் நீக்கப்பட்ட 163ஏ பிரிவின்கீழ் அந்த வண்டியின் காப்பீட்டாளரிடம் கோர இயலவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள தனிநபர் விபத்துக் காப்பு மட்டுமே மிஞ்சியது. 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயக் காப்போ, காரை ஓட்டும் உரிமையாளருக்கானது.

கூடப் பயணிக்கும் நண்பருக்கும் பாலிசியின் வகையே விதி. ஃபுல் கவர் என்றால் காரில் இருப்போருக்கும் பொறுப்பு உண்டு என 2009இல் ஆணையம் தெளிவுபடுத்தியது. பாலகிருஷ்ணன் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஓன் போர்டு காரை வாடகைக்கு விட்டாலோ, அது பாலிசியின் பயன்பாட்டு நிபந்தனையை மீறியதாகும்.

நண்பருக்கே காரை விற்றால், மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வாங்கியவருக்குச் செல்லும். அவர் 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் (பிரிவு 157). சொந்தச் சேதக் காப்பு அப்படித் தானாகப் போகாது, நிறுவனம் சம்மதிக்க வேண்டும் என்பது கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கின் தீர்ப்பு (1995). ஆர்.சி.யை மாற்றாமல் கைமாற்றிவிட்டால், விபத்துக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு. நவீன் குமார் வழக்கில் (2018) கார் அடுத்தடுத்துப் பல கைகள் மாறியிருந்தும், பதிவில் பெயர் இருந்தவரையே உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

உறவு என்பது வெளிப்படையாகக் கணக்கில் வரும் இடம் உரிமையாளரின் மரணம். பாலிசி மூன்று மாதமோ, அதன் காலம் முடியும்வரையோ, எது முந்தியதோ அதுவரை, சட்டப்படியான வாரிசுகளுக்காக உயிரோடிருக்கும். வண்டி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடம் சென்றால் இறந்தவரின் நோ கிளைம் போனஸும் கூடவே செல்லும். பாதி விலை கொடுத்த நண்பருக்கு இந்தச் சலுகை இல்லை. வாரிசுகளின் ஒப்புதலோடு ஆர்.சி.யை அவர் தன் பெயருக்கு மாற்றிய பின்னரும், தனக்கென்று முன்பே சேர்த்த போனஸ் இல்லையென்றால், தள்ளுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.